முதல் கிட்டார்: ஐயாயிரமா, பத்தாயிரமா, இருபதாயிரமா, பழையதா?

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை வகுப்புகள் தொடங்கும் நேரம்தான் சென்னையில் கிட்டார் வாங்கும் பருவம். மேற்கு மாம்பலத்தில் மாலை வேளைகளில் கிட்டார் கற்றுத்தரும் என்னிடம் ஏப்ரல் மாதத்தில் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை பாடத்தைப் பற்றியவை அல்ல. எந்தக் கிட்டாரை வாங்குவது என்பதைப் பற்றியவை. இந்த ஆண்டு அசோக் நகரிலிருந்து தன் பதின்மூன்று வயது மகளுடன் வந்த ஒரு தாய், நான்கு பேர் சொன்ன நான்கு யோசனைகளையும் ஒரு தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். இணையத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு உறை, உபரிக் கம்பி, பிளெக்ட்ரம் எல்லாம் சேர்த்துக் கிடைப்பதே போதும் என்கிறார் கணவர். கடைக்கு நேரில் போய்ப் பத்தாயிரம் ரூபாயில் பெயர் பெற்ற நிறுவனத்தின் கிட்டாரை வாங்கச் சொல்கிறார் தம்பி. வாங்குவதை ஒரே முறையாக நல்லதாக வாங்கிவிட வேண்டும், இருபதாயிரத்துக்குக் குறைந்து எதையும் பார்க்காதீர்கள் என்கிறார் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் அலுவலக நண்பர். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எதிர்வீட்டுப் பையன் தன் பழைய கிட்டாரை ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறான். "சார், நாலு பேரு நாலு விதமா சொல்றாங்க. எதுல காசு வீணாகாதோ அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அந்தத் தாளில் இருந்த நான்கும்தான் இந்த ஊரில் புதிதாகக் கற்க வரும் பலர் முன்னும் நிற்கும் நான்கு வழிகள். நான்கில் எதுவும் முற்றிலும் தவறல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியலில் தெரியாத ஒரு செலவு உண்டு; அதைத் தெரிந்துகொண்ட பிறகே ஒப்பிடுவது நியாயமாகும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நான் பேசுவது எஃகுக் கம்பி பூட்டிய அகௌஸ்டிக் கிட்டாரைப் பற்றி மட்டுமே. கோர்டு பிடித்து, அதாவது பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைத்து, திரைப்பாடல்களையும் தேவாலயப் பாடல்களையும் பாட விரும்புகிறவர்களுக்கு இதுவே பொருத்தம். கிளாசிக்கல் கிட்டார் கிரேடு தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு நைலான் கம்பிக் கிட்டார்தான் தேவை. அவர்கள் ஆசிரியரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பியை மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பவே வேண்டாம். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை எழுபது கிலோவைத் தாண்டும். அதில் ஏறத்தாழ பாதியைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட நைலான் கிட்டாரின் பிரிட்ஜ், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் மரத்துண்டு, நாளடைவில் பெயர்ந்து வந்துவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

### கம்பியின் உயரம்

மரத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், ஒலியின் இனிமை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டையிலிருந்து கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை. கிட்டார்காரர்கள் இதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். கம்பி உயரமாக நின்றால் அதை ஃப்ரெட் வரை அழுத்த அதிக பலம் வேண்டும். முதல் மாதத்தில் விரல் நுனி வலிப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக உயர்ந்து நிற்கும் கிட்டாரில் அந்த வலி தோல் காய்த்த பிறகும் குறைவதில்லை. 'எனக்கு இது வராது' என்று நின்றுபோனவர்கள் தங்கள் கிட்டாரைக் கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது பன்னிரண்டாவது ஃப்ரெட்டைத்தான். பல சமயம் குற்றம் விரலில் இருப்பதில்லை.

அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். ஏடிஎம் அட்டையின் தடிமன் உலகெங்கும் 0.76 மி.மீ. எண்கள் புடைத்திராத தட்டையான அட்டைகள் மூன்றை அடுக்கினால் ஏறத்தாழ 2.3 மி.மீ. வரும். எல்லாவற்றிலும் தடிமனான ஆறாவது கம்பிக்கும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் இடையில் அந்த அடுக்கைச் செருகிப் பாருங்கள். மூன்று அட்டைகள் கம்பியைத் தொட்டும் தொடாமலும் உள்ளே போனால் மிக நல்லது. நான்கு அட்டைகள் சிரமமின்றிப் போனால் உயரம் 3 மி.மீ.க்கு மேல், வாசிக்கலாம், ஆனால் சரிசெய்துகொள்வது நல்லது. ஐந்து அட்டைகள் போனால் அந்த நிலையில் அந்தக் கிட்டாரை ஒரு குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு அட்டைகளும் ஒரு மயிரிழையும் போதும்.

இந்த உயரத்தைக் குறைக்கும் வேலைக்கு 'செட்டப்' என்று பெயர். பிரிட்ஜில் கம்பிகள் ஏறி நிற்கும் வெண்ணிறப் பட்டைதான் சாடில். அதைக் கழற்றி, குறைக்க வேண்டிய அளவுக்குப் பென்சிலால் கோடு போட்டு, தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தைக் கோணாமல் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சில கிட்டார்களில் அவ்வளவு தேய்ப்பதற்குச் சாடில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதே இல்லை. கழுத்து பொருத்தப்பட்ட கோணமே தவறு என்பதற்கு அதுவே அடையாளம், அதைச் சரிசெய்யும் செலவு கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். கழுத்தின் மறு முனையில் இருக்கும் நட் என்ற சிறு பட்டையில் கம்பிக் குழிகள் ஆழமாக வெட்டப்படவில்லை என்றால் முதல் ஃப்ரெட்டில் பிடிக்கும் எஃப் கோர்டு வதையாகிவிடும். அந்தக் குழிகளை அராவத் தனி அரங்கள் வேண்டும். வீட்டில் முயலாமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

### சுருதி

கம்பியைத் தொட்டும் தொடாமலும் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே விரலை வைத்து மீட்டினால் மணி போன்ற ஓர் ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுரம் வர வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலியை வைத்து ஆறு கம்பிகளிலும் இதைச் சோதிக்கலாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், திறந்த கம்பிகளை எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும் கழுத்தின் மேற்பகுதியில் பிடிக்கும் கோர்டுகள் இசையாது.

சென்னையில் இதை அலட்சியம் செய்யவே முடியாது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இரண்டு மூன்று ஆண்டுகளாவது கர்நாடக சங்கீதம் பாடியவர்கள். சுருதிப்பெட்டியோடு வளர்ந்த காது அது. கோர்டுகளின் பெயர் தெரிவதற்கு முன்பே, 'இது சேரலை சார்' என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சேராத கிட்டாரில் அவர்களைப் பழக வைப்பது, ஏற்கெனவே பக்குவப்பட்ட காதைக் கெடுப்பதாகும்.

### உடலின் அளவு

கடைகளில் தொங்குபவற்றில் பெரும்பாலானவை ட்ரெட்னாட் வடிவம்: அகலமான இடுப்பு, ஆழமான வயிறு, ஓங்கிய ஒலி. 1906இல் வெளிவந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை 1916இல் மார்ட்டின் நிறுவனம் தன் பெரிய கிட்டாருக்குச் சூட்டியது. அந்த உருவத்துக்கு அது பொருத்தமான பெயர்தான். குள்ளமானவர்களும் சிறுவர்களும் இதை மடியில் வைத்தால் வலத்தோள் காது வரை ஏறிவிடும். அவர்களுக்கு இடை சிறுத்த கான்செர்ட் வடிவம் நல்லது. இதோடு ஸ்கேல் நீளத்தையும், அதாவது நட்டிலிருந்து சாடில் வரையிலான கம்பியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். 650 மி.மீ. என்பது முழு நீளம், 634 மி.மீ. உள்ளவற்றில் ஃப்ரெட்டுகள் சற்று நெருங்கியிருக்கும், கம்பியும் சற்றே இளகியிருக்கும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் யமஹா ஜேஆர்2 போன்ற 540 மி.மீ. குட்டிக் கிட்டாரைப் பார்க்கலாம். ஆனால் அது மூன்று நான்கு ஆண்டுகளில் சிறியதாகிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

### சென்னைக் காற்று

கிட்டார்த் தொழிற்சாலைகள் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு மரத்தை ஒட்டுகின்றன. சென்னையில் காலை வேளை ஈரப்பதம் பல மாதங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். அடுக்குகளாக ஒட்டாத திட மரத்தால் ஆன மேற்பலகை ('சாலிட் டாப்' என்பது இதுதான்) இந்த ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். கம்பி தானாகவே உயரும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அவ்வளவு எளிதில் அசையாது. கம்பி துருப்பிடிப்பதும் இங்கே வேகம். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் இருக்கும் மாணவர்கள் மேற்பூச்சில்லாத சாதாரணக் கம்பியை நான்கைந்து வாரங்களில் மாற்றும்படி ஆகிறது. வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பிகளைத் துடைத்துவைத்தால் அந்த ஆயுள் கூடும்.

### முதல் ஆண்டின் முழுச் செலவு

கிட்டாரின் விலையோடு செட்டப், இரண்டு மூன்று செட் கம்பி, பஞ்சு வைத்த உறை, கேப்போ ஆகியவற்றையும் கூட்டி, ஆண்டு முடிவில் விற்க நேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதைக் கழிக்க வேண்டும். எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துச் சுருதியை ஏற்றும் கவ்விதான் கேப்போ. பாடுகிறவர்களுக்கு அது ஆடம்பரம் அல்ல. ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் முதல் ஃப்ரெட்டில் கேப்போவைக் கவ்வவிட்டு ஜி கோர்டைப் பிடித்தால் சுருதி சரியாகச் சேர்ந்துவிடும்.

## முதல் வழி: இணையத்தில் ஐயாயிரம் ரூபாய்க் கிட்டார்

பெரும்பாலும் 38 அங்குல நீளம், ஒரு தோள் வெட்டப்பட்ட வடிவம், பளபளப்பான வண்ணம். படத்தில் அழகாகத் தெரியும். பெட்டியைத் திறந்து முதலில் எடுக்கும்போது ஒரு குழந்தையின் முகத்தில் வரும் மகிழ்ச்சியும் உண்மையானதுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால் இந்த விலையில் ஒவ்வொரு கிட்டாரையும் எடுத்துக் கம்பி உயரத்தைச் சரிபார்த்து அனுப்ப ஆள் வைக்க எந்த உற்பத்தியாளருக்கும் கட்டுப்படியாகாது. ஒரே மாடலில் ஒன்று வாசிக்கும்படியும் அடுத்தது வாசிக்கவே முடியாதபடியும் வருகிறது, எது வரும் என்பது நம் கையில் இல்லை. மே மாத வெயிலில் லாரியில் கிடந்து வருவதும் அதற்கு நல்லதல்ல.

என் அக்காள் மகளுக்கு இப்படித்தான் ஒன்று வாங்கினோம். நான் ஊரில் இல்லாத நேரம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது கிட்டார் பீரோவின் மேல் இருந்தது. "மாமா, ஈ மைனர் மட்டும் வருது, மத்தது எல்லாம் டப் டப்புனு கேக்குது" என்றாள். அட்டைகளை அடுக்கிப் பார்த்தேன். ஐந்தும் உள்ளே போயின. சாடிலில் நல்லவேளையாகத் தேய்க்க இடம் இருந்தது. உப்புத்தாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மூன்று முறை கழற்றி மாட்டி, கம்பியையும் மெலிந்த 10ஆம் எண் செட்டுக்கு மாற்றியபோது மாலை ஆகிவிட்டது. அன்றிரவே அவள் சி கோர்டைத் தெளிவாகப் பிடித்தாள். இரண்டு மாதம் அந்தப் பிள்ளை தன்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எனவே இந்த வழியின் மறைந்த செலவு செட்டப். செய்துகொடுப்பவர்கள் ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை கேட்கிறார்கள். கூட வரும் கம்பிகள் பெரும்பாலும் உடனே மாற்ற வேண்டியவை. இரண்டையும் சேர்த்தால் ஐயாயிரம் ஏழாயிரமாகிவிடும். விற்கப் போனால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கேட்பது கடினம். இருந்தாலும் இதுவே சரியான தேர்வாகும் நிலை ஒன்று உண்டு: வீட்டிலோ வகுப்பிலோ செட்டப் செய்யத் தெரிந்தவர் இருந்து, பணம் உண்மையிலேயே இவ்வளவுதான் என்றால் தயங்காமல் வாங்கலாம். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உதவும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு கழுத்துக்குள் இருக்கிறதா, திருப்பிக் கொடுக்கும் வசதி எத்தனை நாளுக்கு என்பவற்றை மட்டும் முன்பே பார்த்துவிட்டு, வந்த அன்றே அட்டைச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

## இரண்டாம் வழி: கடையில் பத்தாயிரம் ரூபாய்க் கிட்டார்

எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரையிலான இந்த வரிசையில் யமஹா எஃப்310, ஃபெண்டர் எஃப்ஏ-125 போன்றவை வருகின்றன. மேற்பலகை பிளைவுட்தான். எஃப்310இன் ஸ்கேல் 634 மி.மீ.; சிறிய கைக்கு இது மெய்யான உதவி. சென்னைக்கு அருகிலேயே யமஹாவின் தொழிற்சாலை 2019 முதல் இயங்குகிறது, அங்கே கிட்டார்களும் தயாராகின்றன. ஆகவே இந்த நிறுவனத்தின் எல்லாக் கிட்டாரும் கடல் கடந்துதான் வர வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

இந்த விலைக்கு என்ன கிடைக்கிறது என்றால், ஃப்ரெட்டுகள் சமமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன, கழுத்துக் கோணம் சரியாக இருக்கிறது, கம்பி முறுக்கும் திருகாணிகள் வழுக்குவதில்லை. ஒலி திடப்பலகையைப் போல விரியாது. பலமாக மீட்டினால் ஓர் எல்லைக்கு மேல் ஒலி பெருகாமல் நசுங்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த எல்லையை யாரும் தொடுவதில்லை என்பது என் அனுபவம். ஈரக்காற்றுக்கு இது அசைந்து கொடுக்காது என்பது அதைவிடப் பெரிய நன்மை. சுவரில் மாட்டி வைத்து, மின்விசிறிக் காற்றில், ஐப்பசி மழையில் விட்டாலும் இதன் கம்பி உயரம் பெரிதாக மாறுவதில்லை.

ஆனால் நேரில் போக வேண்டும். அண்ணா சாலையில் 1842இல் மிஸ்கித் நிறுவனமாகத் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கலாக இருக்கும் பழைய கடையானாலும், வீட்டருகே புதிதாகத் திறந்த கடையானாலும், ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துத் தரச் சொல்லி ஒப்பிடுவது வாங்குபவரின் உரிமை. வாசிக்கத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். அட்டைகளைச் செருகுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு முறை அழுத்தி மீட்டி எங்காவது 'ஜிர்' என்ற அதிர்வு வருகிறதா என்று கேளுங்கள். டியூனர் செயலியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டைச் சோதியுங்கள். பதினைந்து நிமிடம் போதும். 'செட்டப் செய்து தருவீர்களா?' என்ற கேள்வியை விலை பேசி முடிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பல கடைகளில் அது இலவசமாகவே முடிந்துவிடும், பணம் கட்டிய பிறகு கேட்டால் தனிக் கட்டணமாகும். உறையும் இந்த விலையில் பெரும்பாலும் சேராது. பஞ்சு வைத்த உறைக்கு எண்ணூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை ஒதுக்குங்கள்.

## மூன்றாம் வழி: இருபதாயிரம் ரூபாய், சாலிட் டாப்

யமஹா எஃப்ஜி800, எஃப்எஸ்800, ஃபெண்டர் சிடி-60எஸ் ஆகியவை இந்த வரிசையின் தெரிந்த முகங்கள். மேற்பலகை மட்டும் திட ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கங்களும் இவற்றிலும் பிளைவுட்தான். எஃப்ஜி800 பெரிய உடலும் 650 மி.மீ. ஸ்கேலும் கொண்டது, எஃப்எஸ்800 கான்செர்ட் உடலும் 634 மி.மீ. ஸ்கேலும் கொண்டது. வளர்ந்த ஒருவர் தனக்காக வாங்குகிறார், ஐந்து ஆண்டாவது வாசிப்பேன் என்று தன்னை அறிந்து சொல்கிறார் என்றால், இந்த இரண்டில் ஒன்றைத் தயக்கமில்லாமல் பரிந்துரைப்பேன். மெல்லத் தொட்டால் மெல்லவும், ஓங்கி மீட்டினால் ஓங்கியும் பதில் சொல்லும் பலகை அது. விரல்களால் தனித்தனிக் கம்பியை மீட்டத் தொடங்கியதும் அந்த வேறுபாடு தெளிவாகக் கேட்கும். வாசிக்க வாசிக்க ஒலி திறந்துகொள்கிறது என்பதும் பலர் உணர்ந்தது.

மறைந்த செலவு இங்கே பராமரிப்பு. உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மழைக்காலத்தில் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈரம் கசியும் வெளிச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. இரவில் ஏசி, பகலில் திறந்த சன்னல் என்று மாறி மாறி இருக்கும் அறையில் உறையை மூடியே வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டாலும் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளக்கூடும். இது எல்லாக் கிட்டாருக்கும் பொருந்தும், ஆனால் இதில் இழப்பு பெரிது. ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, செட்டப்பைப் பார்த்துக்கொள்வதும் நல்லது. பதின்பருவப் பிள்ளை இத்தனையையும் செய்வாளா என்பதைப் பெற்றோர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வார்த்தை மரங்களின் பெயரைப் பற்றி. கடைக்காரர் 'ரோஸ்வுட்' என்று சொல்லும்போது பலருக்கு ஏதோ அயல்நாட்டு மரம் என்று தோன்றுகிறது. உலகின் பெரிய கிட்டார் நிறுவனங்கள் தேடி வாங்கும் இந்திய ரோஸ்வுட் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். அதன் மேல் எனக்குப் பெருமை உண்டு. இருந்தாலும், முதல் கிட்டாரில் பக்கப்பலகையின் பெயருக்காக இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தை மேற்பலகைக்கும் செட்டப்புக்கும் கொடுப்பதே பயன்படும்.

## நான்காம் வழி: பழைய கிட்டார்

நல்ல பழைய கிட்டாரைப் போல லாபமானது எதுவும் இல்லை. கெட்ட பழைய கிட்டாரைப் போல நட்டமானதும் எதுவும் இல்லை. எனவே இதில் மட்டும் சோதனைகள் கூடுதல். பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் பசை விடத் தொடங்கிவிட்டது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே ஒரு நேரான அளவுகோலை வைத்து வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். சற்றே வளைவு இயல்பு, அளவுகோல் ஊஞ்சல்போல ஆடினால் இயல்பல்ல. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் பதினான்காவது ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால் ட்ரஸ் ராடைத் திருப்பிச் சரியாகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி தேய்த்த பள்ளங்கள் விரல் நகத்தில் தட்டுப்பட்டால் ஃப்ரெட் வேலை காத்திருக்கிறது. துருவும் அழுக்கும் கம்பியில் இருந்தால் பரவாயில்லை, கம்பியை எப்படியும் மாற்றத்தான் போகிறோம்.

இத்தனையையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால், அடுத்த வரிசைக் கிட்டார் பாதி விலைக்குக் கிடைக்கும் வாய்ப்பு இங்கேதான். ஆள் இல்லை என்றால் தவிர்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

விலைகள் நான் கடைகளிலும் மாணவர்களிடமும் கண்டவரை, தோராயமானவை.

| | இணையம், 5,000 | கடை, 10,000 | சாலிட் டாப், 20,000 | பழையது, 6,000 |
|---|---|---|---|---|
| கம்பி உயரம் | வந்த பிறகே தெரியும் | கடையிலேயே சோதிக்கலாம் | பெரும்பாலும் நன்று | சோதிக்காமல் வாங்கக் கூடாது |
| சுருதி | ஒன்றுக்கொன்று மாறும் | நம்பலாம் | மிக நன்று | கழுத்தின் நிலையைப் பொறுத்தது |
| ஈரக்காற்று | ஓரளவு தாங்கும் | நன்கு தாங்கும் | கவனிப்பு தேவை | மேற்பலகையைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | செட்டப், கம்பி | உறை, கேப்போ | நல்ல உறை, சிலிக்கா ஜெல், ஆண்டுச் செட்டப் | பிரிட்ஜ், ஃப்ரெட் வேலை |
| முதல் ஆண்டு மொத்தம் | 7,000 | 12,500 | 24,000 – 25,000 | 7,500 முதல், மேல் எல்லை இல்லை |
| விற்றால் | சொற்பம் | பாதி அளவு | பாதிக்கு மேல் | வாங்கிய விலைக்கு அருகில் |
| யாருக்கு | செட்டப் தெரிந்தவர் உடன் இருப்பவருக்கு | பள்ளிப் பிள்ளைகளுக்கு, உறுதி தெரியாதவர்களுக்கு | உறுதியான வளர்ந்தவர்களுக்கு | அனுபவசாலி துணை உள்ளவர்களுக்கு |

பிக்கப் பொருத்திய எலக்ட்ரோ அகௌஸ்டிக் வேண்டுமா என்பது அடிக்கடி வரும் துணைக் கேள்வி. தேவாலயத்திலோ கல்லூரி மேடையிலோ இந்த ஆண்டே ஒலிபெருக்கியில் இணைத்து வாசிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் வேண்டும். மற்றவர்கள் அதற்கான இரண்டாயிரம் மூவாயிரத்தைச் சாலிட் டாப்புக்கோ வகுப்புக் கட்டணத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது பிக்கப்பைப் பின்னால் பொருத்திக்கொள்ள முடியும்.

அசோக் நகர்க் குடும்பத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுக் கிட்டாரைத்தான் முதலில் பார்த்தோம், ஏனென்றால் நன்றாக இருந்திருந்தால் அதுவே லாபம். நல்ல மாடல், சாலிட் டாப். ஆனால் பிரிட்ஜின் பின்னால் செருகிய தாள் கால் அங்குலம் உள்ளே போயிற்று. பையனுக்கே அது தெரிந்திருக்கவில்லை. "ஆன்ட்டி, இதை ஒட்டிட்டுத்தான் யாருக்காவது கொடுக்கணும்" என்று அவனே எடுத்து உள்ளே வைத்துவிட்டான். இருபதாயிரத்தைப் பற்றித் தாயும் நானும் பேசினோம். அந்தப் பெண் பள்ளியிலிருந்து வந்ததும் பாட்டு வகுப்பு, டியூஷன் என்று ஓடுகிறவள், கிட்டார் கூடத்து ஆணியில்தான் தொங்கும் என்பதால் பிளைவுட்டே போதும் என்று முடிவாயிற்று.

கடையில் ஒரே மாடலில் இரண்டை இறக்கினார்கள். ஒன்றில் நான்கு அட்டைகள் தாராளமாகப் போயின, மற்றதில் மூன்று உரசிக்கொண்டு போயின. விலையில் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. இரண்டாவதை எடுத்துக்கொண்டு, 10ஆம் எண் கம்பிக்கு மாற்றித் தரச் சொன்னோம். இழுவிசை குறைந்து கழுத்து நிமிர்ந்ததில் நான்காவது ஃப்ரெட்டில் எழுந்த சிறு அதிர்வை ட்ரஸ் ராடில் கால் திருப்பு திருப்பிக் கடைக்காரரே போக்கிக் கொடுத்தார். உறையும் கேப்போவும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. மூன்றாவது வாரத்தில் அவள் முதல் ஃப்ரெட்டில் கேப்போவைப் போட்டு, ஜி, சி, டி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஐந்தரைக் கட்டையில் ஒரு முழுப் பாடலைப் பாடினாள். எஃப் கோர்டு இன்னும் வரவில்லை, ஆடிக்குள் வந்துவிடும்.